ஒரே லென்ஸ் போதுமா? கோட்டைக்கும் குடும்பத்துக்கும் பழைய பத்திரத்துக்கும் ஒரு கேமரா பாடம்



நம் மக்தபில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒருவர் வஃபாத்தான பிறகு, அவருடைய பிள்ளைகள் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார்கள். "அத்தா படம் எங்களிடம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. பரிசளிப்பு விழாவில் நீங்கள் எடுத்திருப்பீர்களே பாய்" என்று கேட்டார்கள். எடுத்திருந்தோம். பதினேழு படங்கள் இருந்தன. பதினேழிலும் முகம் கலங்கித்தான் தெரிந்தது. ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, டிரஸ்டின் 18-200 லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை அவை. கேமராவில் பழுது எதுவும் இல்லை. எடுத்த நமக்குத்தான் அந்த லென்ஸ் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று தெரியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டை நம் செஞ்சிதான். அதன் பிறகு, கேமரா வாங்க வட்டியில்லா அழகிய கடன் கேட்டு நம் பிள்ளைகள் சிலர் மனு கொடுத்திருக்கிறார்கள். நிக்காஹ், வலீமா படம் எடுக்கலாம், கோட்டைக்கு வருகிறவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு பிள்ளை அதற்கு முன்பே வெளியில் தவணைக்கு மூன்று லென்ஸ் வாங்கி, வட்டி கட்ட முடியாமல் ஒவ்வொன்றாகப் பாதி விலைக்கு விற்றுவிட்டார். முதலில் எதை வாங்குவது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒன்று என்று கடைக்காரர்கள் சொல்லும் லென்ஸ் 18-200, 18-140, 18-135 போன்ற எண்களோடு வரும். எண்கள் மில்லிமீட்டரில் உள்ள குவியத்தூரம். சிறிய எண்ணில் காட்சி அகலமாக விழும், பெரிய எண்ணில் தொலைவில் இருப்பது அருகே வரும். கேமராவோடு வழக்கமாகத் தரும் 18-55 மூன்று மடங்குதான் இழுக்கும். 18-200 பதினோரு மடங்கு இழுக்கும். இந்த வகையைப் பரவலாக்கியது ஜப்பானின் டாம்ரான் கம்பெனி. பிலிம் காலத்திலேயே, 1992-இல், 28-200 லென்ஸைக் கொண்டுவந்தது. நிக்கான் 2005-இல் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியோடு 18-200 வெளியிட்டது. 2017-இல் டாம்ரான் 18-400 வரைக்கும் போய்விட்டது.

இந்த எண்களை முழமாகவும் மீட்டராகவும் மாற்றிப் பார்த்தால் சீக்கிரம் விளங்கும். நாம் சாதாரணமாக வாங்கும் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 23.5 மி.மீ. அப்படிப்பட்ட கேமராவில் 18-இல் வைத்து 10 மீட்டர் தள்ளி நின்றால் 13 மீட்டர் அகலம் படத்தில் விழும். ஒரு வலீமா பந்தலின் பந்தி வரிசை முழுவதும் அடங்கிவிடும். 200-இல் வைத்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் 176 மீட்டர் அகலம்தான் விழும். ஊருக்குள்ளிருந்தே ராஜகிரியின் உச்சியை மட்டும் தனியாக எடுக்கலாம் என்று அதற்குப் பொருள்.

கோட்டையில் இந்த லென்ஸுக்கு நிகர் வேறில்லை என்போம். அடிவாரத்தில் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் இருக்கிறது, 1717-18-இல் கட்டியது. 1714-இல் தேசிங்குராஜன் வீழ்ந்ததும் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கான் கைக்குக் கோட்டை வந்தது. (தேசிங்கு கதையில் தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்குப் போனவர் ஒரு முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது. இப்போது அதைப் பாடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.) பள்ளிவாசலின் முகப்பு முழுவதும் வேண்டுமென்றால் 18, மினாராவின் சுதை வேலை மட்டும் வேண்டுமென்றால் 150. நின்ற இடத்திலேயே இரண்டையும் எடுக்கலாம். கல்யாண மஹாலின் மேல் அடுக்கையும் களஞ்சியத்தின் வளைவையும் அப்படியே எடுக்கலாம். மேலே ஏறினால் கை வியர்க்கும், காற்று மண்ணை வாரி வீசும், குரங்குகள் பையைப் பிடுங்கும். ராஜகிரிப் படியில் உட்கார்ந்து லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசு விழும். கழற்றிய லென்ஸ் உருண்டு பள்ளத்தில் போனாலும் போகும். ஒன்றை மாட்டியபடியே ஏறி இறங்குவதுதான் புத்தி. முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உச்சி வெயிலில் 200-க்கு இழுத்துத் தொலைவில் இருப்பதை எடுத்தால், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் நெளியும். சூடேறிய பாறையிலிருந்து எழும் காற்று வெளிச்சத்தை வளைப்பதால் வரும் குறை அது. கிருஷ்ணகிரியிலிருந்து ராஜகிரியை எடுக்க விரும்பினால் காலையில் கோட்டை திறந்த உடனே ஏறுங்கள்.

இனி, ஹஜ்ரத் படம் ஏன் கலங்கியது என்பதற்கு வருகிறோம். லென்ஸின் மேல் 3.5-5.6 அல்லது 3.5-6.3 என்று எழுதியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குவியத்தூரத்தை உள்ளே திறக்கும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 18-இல் எஃப் 3.5 என்றால் துவாரம் 5 மி.மீ. சொச்சம். 200-இலும் எஃப் 3.5 வேண்டுமானால் 57 மி.மீ. துவாரம் வேண்டும், லென்ஸ் சொம்பு அளவுக்குப் பருத்து எடையும் கூடிப்போகும். கைக்கு அடக்கமாக இருக்கவேண்டும் என்பதற்காக 200-இல் எஃப் 5.6 அல்லது 6.3 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். 3.5-இலிருந்து 5.6-க்குப் போனால் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. 6.3 என்றால் மூன்று மடங்குக்கு மேல் குறைகிறது. துவாரம் சிறுத்தால் பிம்பம் மங்கும் என்பது புதிய சங்கதி இல்லை. பஸ்ராவில் சுமார் 965-இல் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறைக்குள் சிறு துவாரம் வழியே வரும் ஒளியை ஆராய்ந்தவர். பார்வையைப் பற்றி அவர் எழுதிய கிதாபுல் மனாளிர், லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியர்களுக்கும் பாடமாக இருந்தது. மதரஸாவில் அவர் பெயரைப் பெருமையாகக் கேட்டிருந்தோம். கேமராவைக் கையில் எடுத்தபோது அவர் பாடத்தை மறந்துவிட்டோம்.

வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். இழுக்க இழுக்க நம் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். நமது சென்சாருக்கு ஒரு கணக்கு உண்டு. குவியத்தூரத்தை ஒன்றரை மடங்காக்கி, அதற்குக் குறையாத வேகத்தில் எடுக்கவேண்டும். 200-க்கு 1/300, 50-க்கு 1/80. அன்று நம் கேமரா வைத்த வேகம் 1/20. நடுக்கம் தாங்கும் வசதி லென்ஸில் இருந்தது, அதை நம்பித்தான் ஏமாந்தோம். அது நம் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். மேடையில் ஹஜ்ரத் தலையைத் திருப்பிப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறாரே, அந்த அசைவை அதனால் நிறுத்த முடியாது.

செய்திருக்க வேண்டியது எளிய காரியம். எழுந்து மேடைக்கு அருகே போய், லென்ஸை 35-க்கும் 50-க்கும் நடுவில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 3200-க்கு உயர்த்தி, ஷட்டரை 1/125-க்குக் குறையாமல் பிடித்திருக்கலாம். படத்தில் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்திருக்கும். தெரியட்டுமே, முகம் முகமாக இருந்திருக்கும். கூட்டத்தில் எழுந்து முன்னால் போகக் கூச்சப்பட்டோம் என்பதே உண்மை. ஜூம் இருப்பவர்களுக்கு இந்தச் சோம்பலும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

வீட்டில் பெரியவர்களை எடுக்கும்போது நேர் எதிரான தவறைச் செய்கிறோம். 18-இல் வைத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறோம், மூக்கு பெருத்துக் காது சிறுத்துப்போகிறது. அது லென்ஸின் குற்றமில்லை, நாம் மிக நெருங்கி நின்றதால் வந்தது. இரண்டரை மீட்டர் தள்ளி நின்று 70-இல் வைத்தால் தலை முதல் இடுப்பு வரை அழகாக விழும். பகல் வெளிச்சம் வரும் வாசற்படி அல்லது ஜன்னலோரம் உட்காரவையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நன்னிமாருக்குக் கண் கூசும். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். விருப்பமில்லாதவர்களை வற்புறுத்தக் கூடாது. விருப்பமுள்ளவர்களை உடல் நலமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இழுக்கும் லென்ஸால் இன்னொரு தீங்கும் உண்டு. ஹாலின் மறுகோடியில் அரிசி மூட்டை வாங்கும் ஒரு விதவைத் தாயின் முகத்தை, அவருக்குத் தெரியாமலே இங்கிருந்து எடுத்துவிடலாம். முன்பு நம் மடலில் அப்படி ஒரு படம் வந்தது. அந்தத் தாய் அடுத்த மாதம் உதவி வாங்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் காரணம் தெரிந்தபோது வெட்கப்பட்டோம், நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து உதவி பெறுகிறவர்களின் முகத்தை நாம் அச்சிடுவதில்லை. மூட்டையையும் கணக்கையும் மட்டுமே போடுகிறோம். நன்கொடையாளர்கள் சிலர் "படம் இல்லையே" என்று குறைப்படுகிறார்கள். அலுவலகத்துக்கு வந்தால் பதிவேட்டைக் காட்டுகிறோம்.

பழைய பத்திரம், பட்டா, நிக்காஹ் பதிவேடு ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கச் சொல்லி வருகிறோம். செல்போனிலும் எடுக்கலாம். இந்த லென்ஸில் எடுப்பதானால் 18-இல் எடுக்காதீர்கள், ஓரத்துக் கோடுகள் வெளியே வளைந்து பீப்பாய் போல உப்பும். 50-ஐ ஒட்டி வைத்து, தாளுக்கு நேர் மேலே சுமார் 85 செ.மீ. உயரத்தில் பிடித்தால் 40 செ.மீ. நீளம் அடங்கும், நீளமான முத்திரைத்தாளும் முழுதாக விழும். அந்த இடத்திலும் லேசான வளைவு இருக்கும், எழுத்தைப் படிக்க இடைஞ்சல் செய்யாது. எஃப் 8-இல் வைத்தால் நடுவும் ஓரமும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெளியும். 16-க்கு மேல் போனால் மறுபடி மழுங்கும். தாளைக் கண்ணாடிக்கடியில் வைக்காதீர்கள், ஜன்னல் வெளிச்சம் திருப்பியடிக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு: லென்ஸை இழுத்து நீட்டித் தரையைப் பார்க்கப் பிடியுங்கள். தானாகச் சரிந்து இறங்கினால் உள்ளே தளர்ந்துவிட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். இந்த வகை லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் பீரோவில் துணிக்கு நடுவே வைக்கக் கூடாது. இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கடன் மனுக்களைப் பொறுத்தவரை நிர்வாகக் குழு எடுத்த முடிவு இது. முதல் கடன் ஒரு கேமராவுக்கும் ஒரு 18-140 அல்லது 18-200-க்கும் மட்டும். அதை வைத்துக்கொண்டு பகல் நிகழ்ச்சிகளையும் கோட்டைப் படங்களையும் எடுத்துச் சம்பாதித்து, பாதித் தவணை கட்டிய பிறகு இரண்டாவது லென்ஸுக்கு மனு தரலாம். அந்த இரண்டாவது லென்ஸ் 50 மி.மீ. எஃப் 1.8 ஆக இருக்கட்டும். கடையில் மலிவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. எஃப் 6.3-ஐ விடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். இஷாவுக்குப் பிறகு நடக்கும் நிக்காஹுக்கு அதுதான் கைகொடுக்கும். "பெரிய வெள்ளை லென்ஸ் இல்லாவிட்டால் கல்யாண வீட்டார் மதிப்பதில்லை" என்று ஒரு பிள்ளை வாதாடினார். குழுவில் இருவர் அதை ஆதரித்தார்கள். நாம் சம்மதிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவருடைய ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம் என்று சொல்லியிருக்கிறோம்.

டிரஸ்டின் கேமரா அலுவலக அலமாரியில் இருக்கிறது. வீட்டில் வயதானவர்களைப் படமெடுக்க விரும்புகிறவர்கள், பழைய பத்திரம் வைத்திருக்கிறவர்கள் அஸருக்குப் பிறகு வந்து கையெழுத்திட்டு ஒரு நாளைக்கு எடுத்துப்போகலாம், கட்டணம் இல்லை. திருப்பித் தரும்போது லென்ஸை 18-க்குச் சுருக்கி, பூட்டைத் தள்ளிவிட்டுக் கொடுங்கள். ஹஜ்ரத் வீட்டாருக்கு, பதினேழில் சற்றுத் தேறிய ஒன்றைச் சிறிய அளவில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறோம். அதில் அவர் முகம் தெளிவாக இல்லை. பிள்ளையின் தலைமேல் வைத்திருந்த கை மட்டும் அசையாமல் இருந்ததால் அது தெளிவாக விழுந்திருக்கிறது.