கேம் ரைட்டர் ஆக வேண்டுமா? முதலில் இந்த ஐந்து ஆர்பிஜிகளை ஆடி முடியுங்கள்

கேம் ஸ்டுடியோக்களில் கதை சார்ந்த வேலைகள் குறைவு, ஆசைப்படுபவர்கள் ஏராளம். கேம் ரைட்டர், நரேட்டிவ் டிசைனர், குவெஸ்ட் டிசைனர் என்று எந்த வேலைக்கு அப்ளை செய்தாலும், உங்களோடு போட்டியிடும் எல்லோருக்கும் கேம் பிடிக்கும். எல்லோருக்கும் எழுதவும் ஆசை இருக்கும். ஆகவே இந்த இரண்டையும் ரெஸ்யூமேயில் போட்டு ஒரு பலனும் இல்லை. ஆடுபவர் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப ஒரு கதை எப்படித் திரும்புகிறது என்பதைப் பிரித்துப் பேசத் தெரிந்தவர்தான் அடுத்த ரவுண்டுக்குப் போவார்.

அதைக் கற்றுக்கொள்ளச் சரியான இடம், கதைக்கு முதலிடம் தரும் ரோல் பிளேயிங் கேம்கள், அதாவது ஆர்பிஜிகள். இவற்றில் பெரும்பாலும் நீங்கள் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறமைகளை வளர்த்து, முடிவுகளை எடுக்கிறீர்கள். கதை அந்த முடிவுகளுக்குப் பதில் சொல்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊரே புகழ்கிறது என்று நூறு மணி நேர கேம் ஒன்றை வாங்கி, பத்தாவது மணி நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். பாதியில் விட்ட கேமை வைத்து இன்டர்வியூவில் எதுவும் பேச முடியாது. முடிவைப் பார்க்காதவருக்குக் கதையின் கட்டமைப்பு தெரியாது.

எனவே சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போங்கள். ஒவ்வொரு கேமிலும் ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள்.

1. முதல் கேம்: டு த மூன்

2011-ல் வந்தது. ஃப்ரீபேர்ட் கேம்ஸின் கான் காவ் கதை, வடிவமைப்பு, இசை மூன்றையும் தானே கையாண்டார். ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி என்ற எளிய டூலில் உருவானது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய லேப்டாப்பே போதும்.

மரணப் படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவருக்கு நிலவுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஏன் அந்த ஆசை என்பது அவருக்கே தெரியாது. இரண்டு டாக்டர்கள் அவருடைய நினைவுகளுக்குள் புகுந்து, முதுமையிலிருந்து சிறுவயதை நோக்கிப் பின்னால் நடக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த வீட்டில் காகித முயல்கள் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். யார் மடித்தது, எதற்காக மடித்தது என்பது வெகுநேரம் கழித்தே புரியும்.

இங்கே எடுக்க வேண்டிய பாடம், முன்னே விதைத்ததைப் பின்னே அறுவடை செய்வது. முயல் முதலில் வரும் இடத்தையும் அதன் அர்த்தம் விளங்கும் இடத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் அது எத்தனை முறை நினைவூட்டப்படுகிறது என்று எண்ணுங்கள்.

2. இரண்டாவது: அண்டர்டேல்

டோபி ஃபாக்ஸ் எழுதி, இசையமைத்து, 2015-ல் வெளியிட்டது. ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். இந்த கேமில் ஒருவரைக்கூடக் கொல்லாமல் கடைசிவரை போகலாம்.

ஆரம்பத்திலேயே டோரியல் என்ற பாத்திரம் உங்களைத் தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் கிளம்ப நினைத்தால் வழியை மறித்து நிற்கிறது. சண்டைத் திரையில் அடிக்கவும் வழி உண்டு, கருணை காட்டவும் வழி உண்டு. கருணையை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் ஒன்றும் நடக்காது. விடாமல் அதையே தேர்ந்தெடுத்துக்கொண்டு இருந்தால் டோரியலின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் வழிவிடும். அவசரப்பட்டுக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவ் ஃபைலுக்குப் போய்க் காப்பாற்றினால் என்ன ஆகும்? நீங்கள் செய்ததை நினைவில் வைத்திருந்து, முகத்துக்கு நேரே சொல்லிக்காட்ட ஒரு பாத்திரம் காத்திருக்கிறது.

மெனுவில் இருக்கும் பட்டனும் சேவ் ஃபைலும் கதையின் பகுதியாக முடியும் என்பது இங்கே பாடம். கதை வசனத்தில் மட்டும் இருப்பதாக நினைப்பவர் நாவல் எழுதப் போகலாம். கேம் துறைக்கு இந்தப் பார்வை அவசியம்.

3. மூன்றாவது: பென்டிமென்ட்

அப்சிடியன் நிறுவனம் 2022-ல் வெளியிட்டது. இயக்கியவர் ஜோஷ் சாயர். 16-ஆம் நூற்றாண்டு பவேரியாவில் ஒரு சிற்றூரும் அதன் மடாலயமும்தான் களம். நீங்கள் ஆந்திரியாஸ் என்ற ஓவியர். ஊருக்கு வந்த பிரபு ஒருவர் கொலையாகிறார். விசாரிக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். ஒரு தடயத்தின் பின்னால் போனால் இன்னொன்று கைவிட்டுப் போகும். முழு உண்மை தெரியாமலேயே ஒருவர் பக்கம் விரல் நீட்ட வேண்டிய நாள் வரும். நீங்கள் கைகாட்டியவருக்கு மரண தண்டனை. பல ஆண்டுகள் கழித்துக் கதை அதே ஊருக்குத் திரும்பும்போது, அந்தக் குடும்பம் அங்கேயேதான் இருக்கிறது. ஊரும் எதையும் மறக்கவில்லை.

குரல் நடிப்பு இல்லை, எல்லாமே வாசிப்பு. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் பயப்பட வேண்டாம். அடிக்கோடிட்ட சொல்லைத் தொட்டால் பக்கத்து ஓரத்தில் விளக்கம் வரும். ஆளின் கல்விக்கும் நிலைக்கும் ஏற்ப எழுத்துருவே மாறும். ஒருவரைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறினால் அவருடைய வசனத்தின் எழுத்துருவும் மாறலாம்.

சரியான விடை இல்லாத ஒரு முடிவுக்கு எப்படிக் கனம் சேர்ப்பது? இங்கே கவனியுங்கள்.

4. நான்காவது: டிஸ்கோ எலிஸியம்

இசட்ஏ-யூஎம் ஸ்டுடியோ, 2019. தலைமை எழுத்தாளர் எஸ்டோனிய நாவலாசிரியர் ராபர்ட் குர்விட்ஸ். பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுத்து. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கதைக்கான விருது உட்பட நான்கு விருதுகளை வாங்கியது. வழக்கமான சண்டைத் திரையே கிடையாது. 25 முதல் 30 மணி நேரம் ஆகும்.

நினைவிழந்த ஒரு டிடெக்டிவ் ஓட்டல் அறையில் கண்விழிக்கிறார். அவருடைய டை மேலே மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எட்டிப் பிடிப்பதற்கே இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். உடல் வலிமைக்குக் குறைந்த புள்ளி கொடுத்திருந்தால், அறை விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே உயிர் போய் கேம் முடிந்துவிடலாம். அவருக்கு 24 திறமைகள். ஒவ்வொன்றும் அவர் தலைக்குள் தனிக்குரலில் பேசும், ஒன்றோடொன்று வாதாடும், சில நேரம் தவறான வழியும் காட்டும்.

இப்படிப் பகடை உருட்டும் சோதனைகள் வெள்ளை, சிவப்பு என இரண்டு வகை. வெள்ளையில் தோற்றால் பிறகு மறுபடி முயலலாம். சிவப்பில் ஒரே ஒரு வாய்ப்பு. சிவப்பில் தோற்றதும் கேமை ரீலோட் செய்யாதீர்கள். இந்த கேமில் தோல்விக்கான பகுதிகளும் வெற்றிக்கானவற்றைப் போலவே கவனமாக எழுதப்பட்டவை. புதிய எழுத்தாளர்கள் வெற்றிக்கு ஐந்து பக்கம் எழுதிவிட்டு, தோல்விக்கு ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். ஆடுபவர் தோற்ற பிறகும் தொடர ஆசைப்படும்படி எழுதத் தெரிந்தால் நீங்கள் அவர்களைத் தாண்டிவிட்டீர்கள்.

5. ஐந்தாவது: பெரிய கேம் ஒன்று மட்டும்

தி விட்ச்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்.

தி விட்ச்சர் 3 போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் 2015-ல் தந்தது. ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் நூல்களிலிருந்து பிறந்த உலகம். வெலன் என்ற பகுதியில் ஒரு முரட்டுப் பிரபு காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் தேடித் தரச் சொல்கிறார். தேடத் தேட, அவர்கள் ஏன் வீட்டை விட்டுப் போனார்கள் என்பதும், அதில் அந்த ஆளின் குடிப்பழக்கத்துக்கும் அடிதடிக்கும் உள்ள பங்கும் தெரியவரும். அதே பகுதியில் ஒரு மரத்தின் அடியில் சிறைப்பட்ட ஆவி உங்களிடம் உதவி கேட்கும். அங்கே நீங்கள் எடுக்கும் முடிவு, பிறகு சம்பந்தமில்லாத இடத்தில் வந்து அந்த மனைவியின் கதியைத் தீர்மானிக்கும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இடைவெளி விடுவது எப்படி என்று காட்ட இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

பால்டர்ஸ் கேட் 3 பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் 2023-ல் வெளியிட்டது. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் நடக்கிறது. முக்கியப் பேச்சுகளில் இருபது முகப் பகடை திரையில் உங்கள் கண்முன்னே உருளும். கூட வரும் துணைப் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் சொந்த ரகசியம், சொந்த நோக்கம். நீங்கள் செய்வதைப் பார்த்து அவர்கள் மெச்சுவார்கள் அல்லது முகம் சுளிப்பார்கள். துணைப் பாத்திரங்களை எழுதக் கற்க நினைப்பவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எஸ்எஸ்டி-யில் 150 ஜிபி இடம் தேவை, கிராஃபிக்ஸ் கார்டும் வலுவாக இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் கணினியைச் சரிபாருங்கள்.

6. காசையும் நேரத்தையும் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள்

ஸ்டீமில் கோடை, குளிர்கால சேல்களில் பழைய கேம்களின் விலை நன்றாக இறங்கும். விஷ்லிஸ்ட்டில் போட்டுக் காத்திருங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். உங்கள் கணினியில் கேம் ஓடுகிறதா என்பதை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

சண்டையில் சிக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். விட்ச்சரில் கதைக்கென்றே மிக எளிய நிலை ஒன்று இருக்கிறது. பால்டர்ஸ் கேட்டில் எக்ஸ்ப்ளோரர் நிலை. கூச்சப்படாமல் அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் படிக்க வந்தது கதையை.

வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினால், குறிப்பெடுக்கும் நேரத்தையும் சேர்த்து, முதல் நான்கு கேம்களும் சுமார் மூன்று மாதத்தில் முடியும். முதல்முறை ஆடும்போது யூடியூப் வாக்த்ரூ, விக்கி எதையும் திறக்காதீர்கள். உங்கள் தயக்கமும் உங்கள் தவறான ஊகமும்தான் உங்களுக்குக் கிடைக்கும் டேட்டா.

7. ஒவ்வொரு முடிவுக்கும் நான்கு வரி எழுதுங்கள்

முக்கியமான முடிவு ஒன்று வந்ததும் கேமை நிறுத்துங்கள். எனக்கு அப்போது என்ன தெரியும்? என்ன நடக்கும் என்று நினைத்தேன்? என்ன நடந்தது? எவ்வளவு நேரம் கழித்து நடந்தது? இந்த நான்கையும் ஒரு ஷீட்டில் பதியுங்கள். ஐந்து கேம் முடிந்தபின், அந்த ஷீட்டில் எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் வரிகளைப் பாருங்கள். ஆராய வேண்டிய காட்சிகள் அவையே. அவற்றில் இரண்டைப் பற்றித் தலா ஒரு பக்கம் எழுதுங்கள்.

8. ஆடியது போதும், ஒன்றைச் செய்து முடியுங்கள்

ட்வைன், இங்க் இரண்டும் இலவச டூல்கள். இங்க்-ஐ உருவாக்கியது 80 டேஸ் கேமைத் தந்த இங்கிள் ஸ்டுடியோ. கோடிங் தெரியாவிட்டாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கிற கதை ஒன்றை எழுதுங்கள். மூன்று முடிவெடுக்கும் இடங்கள் போதும். அவற்றில் ஒன்றின் விளைவு தாமதமாக வரட்டும், ஒரு தோல்விப் பாதை வெற்றிப் பாதை அளவுக்குச் சுவையாக இருக்கட்டும். நான்கு பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் அவர்கள் ஆடுவதைப் பாருங்கள். எங்கே படிக்காமல் கிளிக் செய்கிறார்களோ அங்கே வெட்டுங்கள். வசதிப்பட்டால் ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் சேருங்கள். டெட்லைனில் பிறரோடு வேலை செய்ததற்கு அது நல்ல சான்று.

9. சிறிய எழுத்து வேலைகளைப் பழகுங்கள்

புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே நாயகனின் கதையைத் தரமாட்டார்கள். கடைக்காரர் சொல்லும் ஒற்றை வரி, வாளுக்கான இரண்டு வரிக் குறிப்பு, குவெஸ்ட் லாகில் மூன்று வரிச் சுருக்கம் போன்றவைதான் கையில் வரும். ஒரே காவலாளிக்கு, ஒரே சூழ்நிலைக்கு, பத்துச் சொற்களுக்குள் இருபது வேறு வரிகள் எழுதிப் பாருங்கள். இதைப் போர்ட்ஃபோலியோவிலும் வையுங்கள். பெரிய காவியம் எழுதியவர்கள் நிறையப் பேர் அப்ளை செய்வார்கள். இந்தச் சின்ன வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டுபவர் சிலர்தான்.

10. இன்டர்வியூவில் பேச்சை நறுக்கென்று வையுங்கள்

"எனக்கு விட்ச்சர் 3 ரொம்பப் பிடிக்கும்" என்பது பதிலே இல்லை. எந்த முடிவு, எந்தத் தகவலை மறைத்ததால் அது கனமானது, விளைவு எப்போது வந்தது, நீங்கள் எழுதியிருந்தால் எதை மாற்றியிருப்பீர்கள் என்று ஒன்றரை நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். பிடித்த கேமில் சரியாக அமையாத ஒரு குவெஸ்ட்டும் கைவசம் இருக்கட்டும். குறையைக் கண்டால் திருத்தமும் சொல்லுங்கள். குறையோடு நிறுத்துபவர் விமர்சகர், திருத்தம் சொல்பவரோ டீமில் உட்கார வைக்கத் தகுந்த ஆள்.

11. உங்கள் மண்ணைப் போட்டியில் இறக்குங்கள்

டிராகனும் குள்ளர்களும் வரும் மாதிரிக் கதைகள் ஸ்டுடியோ இன்பாக்ஸில் ஏற்கெனவே நிறைய இருக்கும். மாறாக, டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெண்பா என்ற கேமை வெளியிட்டது. அது ஆர்பிஜி அல்ல. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில், கறைபட்டு எழுத்தழிந்த சமையல் குறிப்புகளை ஊகித்து இட்லி அவிக்கும் சின்ன கேம். 2024-ல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதையும், இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மைப் பரிசையும் வாங்கியது. உங்கள் தெரு, உங்கள் அலுவலகம், உங்கள் வீட்டுச் சொத்துத் தகராறு இவற்றை உங்களைப் போல விவரமாக எழுத வேறொருவரால் முடியாது. அந்தப் பத்து நிமிடக் கதையை அங்கிருந்து எடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை மூன்று: டு த மூன் கேமை விஷ்லிஸ்ட்டில் போடுங்கள், நான்கு பத்திகள் கொண்ட ஷீட்டைத் திறந்து வையுங்கள், வாரத்தில் ஆறு மணி நேரத்தைக் காலண்டரில் பிளாக் செய்யுங்கள். அடுத்த முறை ஒரு ஸ்டுடியோ ஆள் எடுக்கும்போது, ஐந்து கேம்களை முடித்து, இரண்டு அலசல்கள் எழுதி, சொந்தமாக ஒரு கதையை உருவாக்கி முடித்தவராக அப்ளை செய்யுங்கள். அந்த வேலைக்குக் கடுமையான போட்டி இருக்கும். அதில் ஜெயிக்கத் தேவையான சரக்கு உங்களிடம் இருக்கும்.