மருந்துக் கூர்க்கன் சாகுபடி

மழை குறைந்து, கிணற்றுநீரும் சுருங்கிய செம்மண் பூமியில் எதைப் பயிரிடுவது என்பது குடியானவர்களுக்குப் பெரும் பிரச்சினை. அத்தகைய நிலத்துக்கேற்ற பயிர்களுள் ஒன்று மருந்துக் கூர்க்கன். இது துளசி, புதினா முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்நாட்டின் வறண்ட மலைச்சரிவுகளில் தானே வளர்வது. குஜராத்தில் இதன் கிழங்கை ஊறுகாயாக இடுவர். கிழங்கில் ‘போர்ஸ்கோலின்’ என்னும் மருந்துச்சத்து உண்டென்று 1970களில் அறியப்பட்டபின், காட்டுச்செடிகள் மிகுதியாகத் தோண்டப்பட்டன. ஆகவே வயலில் சாகுபடி செய்வது அவசியமாயிற்று. சேலம் ஜில்லாவில் இது பயிராகிறது.

நிலமும் நடவும்

நீர் வடியும் செம்மணல் கலந்த நிலம் உகந்தது. வறட்சியைத் தாங்கும் இச்செடி, தேங்கும் நீரைத் தாங்காது. நிலத்தை நன்கு உழுது, ஏக்கருக்கு 6 டன் மக்கிய தொழுவுரம் இட்டு, 2 அடி இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். விதையினின்றும் பயிர் செய்வதில்லை. செடியின் நுனித்தண்டை, மூன்று நான்கு ஜோடி இலைகளுடன் 4 அங்குல நீளம் நறுக்கி, ஆனி, ஆடி மாதங்களில் பாரின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடவேண்டும். இவ்வாறு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 செடிகள் பிடிக்கும். நட்டவுடன் ஒரு தண்ணீரும் மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் அவசியம். பின்னர் மழையில்லாக் காலத்தில் வாரம் ஒருமுறை பாய்ச்சினால் போதும். பூங்கொத்துகள் தோன்றுந்தோறும் கிள்ளிவிட்டால் கிழங்கு பருக்கும்.

இருபெரும் சத்துருக்கள்

வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல்நோயும் முழுவயலையும் அழிக்க வல்லவை. தண்டை வாங்கும் வயலில் ஒரு செடியையேனும் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும்; முடிச்சுகள் காணப்படின் அவ்வயலின் தண்டை விலக்குக. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் பின் இதை நடலாகாது. துலுக்கச்செவ்வந்தியை முன்பயிராக இடுவதும், வேப்பம்பிண்ணாக்கை மண்ணில் கலப்பதும் நன்மை தரும். வாடிய செடியை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும்.

அறுவடையும் விற்பனையும்

ஐந்து அல்லது ஆறு மாதங்களில் கிழங்கு முதிரும். தோண்டிக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெயிலில் உடனே உலர்த்த வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேலிருந்தால் பூஞ்சணம் பிடித்துச் சரக்கு கெடும். நன்கு பராமரித்த நிலத்தில் ஏக்கருக்குச் சுமார் 8 குவிண்டால் உலர்ந்த கிழங்கு கிடைக்கலாம்.

இச்சரக்கை உள்ளூர்ச் சந்தையில் விற்க இயலாது. வாங்குவோர் சிலரே; அவர்கள் மறுத்தால் தனிக்குடியானவன் கடன்பட்டு நிற்பான். ஆகையால் நடவுக்கு முன்பே சங்கத்தின் மூலம் விலை, எடை, ஈரஅளவு, பணம் கொடுக்கும் தேதி ஆகியவற்றை எழுத்துமூலமாக முடிவுசெய்துகொள்ளல் வேண்டும். அறுவடைக்குப்பின் சரக்கை ஒரே களத்தில் உலர்த்தி, சங்கத்தின் தராசில் எடைபோட்டு அனுப்புதல் உத்தமம். முதலாண்டில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கால் ஏக்கருக்கு மேல் நடாதிருப்பது விவேகம்.

எச்சரிக்கை: இக்கிழங்கின் சத்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் தன்மையது. வயலில் விளைந்ததென்று வைத்தியர் ஆலோசனையின்றி மருந்தாக உட்கொள்ளலாகாது.