பிரெஞ்சு வினைச்சொல்லும் தமிழ் மாணவனும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சிறு வயதில் கற்றால்தான் மொழி வரும். அதிலும் ஆங்கில வழியில் படித்தவர்க்கே பிரெஞ்சு வரும் என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோர் இதை நம்பியே ஒதுங்கிவிடுகிறோம். பரவையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வரும் நான், இருபதாம் வயதில் பிரெஞ்சு இலக்கணத்தைத் தொடங்கினேன். அதில் மாணவர் பெரிதும் அஞ்சுவது வினைச்சொல்லின் காலங்களுக்கே. அவற்றுக்குத் தமிழே நல்ல வழிகாட்டி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு இறந்தகாலங்கள்

தொல்காப்பியர் காலம் மூன்றென்றார். பிரெஞ்சிலும் அடிப்படை அதுவே. ஆனால் பேச்சில் இறந்தகாலம் இரண்டாகப் பிரிகிறது. முடிந்த செயலைச் சொல்வது 'பஸே கோம்போஸே'. நீடித்த நிலையைச் சொல்வது 'அம்பர்ஃபே'. “மழை பெய்துகொண்டிருந்தது, மாமா வந்தார்” என்பதில் மழைக்கு அம்பர்ஃபே, மாமாவுக்குப் பஸே கோம்போஸே. அறிவியல் மாணவர்க்குச் சொல்வதானால், முன்னது கோடு. பின்னது அக்கோட்டின்மேல் விழும் புள்ளி.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “தாத்தா அந்தக் காலத்தில் சந்தைக்கு நடந்தே போவார்” என்கிறோம். 'போவார்' எதிர்கால வடிவம். பொருளோ இறந்தகால வழக்கம். இதை 'இல் இரா' என்றால், தாத்தா இனிமேல் போவார் என்றாகிவிடும். 'இல் அலே' என்னும் அம்பர்ஃபேயே சரி.

துணைவினை

'வந்திருக்கிறேன்' என்பதைப் பிரித்தால் வந்து, இருக்கிறேன். பிரெஞ்சிலும் 'ஜ ஸ்வி வெனு' என்பதில் 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்' வினையே துணை நிற்கிறது. ஆங்கிலவழி வருபவர் தடுமாறும் இடத்தில் தமிழ் மாணவர் எளிதில் கடக்கிறார். ஆனால் போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற ஏறத்தாழ 15 வினைகளும், தன்னையே குறிக்கும் வினைகளுமே இவ்வாறு வரும். உண்ணுதல், பார்த்தல் முதலிய ஏனையவை உடைமைப் பொருளுடைய 'அவுவார்' வினையைத் துணைகொள்ளும். தமிழில் அதற்கு நேரான வினை இல்லை. ஆகவே இதை மனப்பாடம் செய்வதே வழி.

எழுத்தும் பேச்சும்

'பஸே ஸேம்ப்ள்' என்றொரு காலமும் உண்டு; அது ஏட்டுக்கே உரியது. நாவலுக்கு அதுவே மரபாயிருந்தபோது, 1942இல் வெளிவந்த தம் நாவலை ஆல்பெர் காம்யு பெரும்பாலும் பஸே கோம்போஸேயிலேயே எழுதினார். அந்நூலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்க, 1980இல் 'அந்நியன்' வெளிவந்தது. ஏட்டுத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையே வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு புதிதன்று.

முடிவுரை

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆகவே இது நம் மண்ணுக்கு அறிமுகமில்லாத மொழியுமன்று. நண்பர்களே, தாய்மொழியில் படித்ததைக் குறையாக எண்ண வேண்டாம். நாள்தோறும் நாம் பேசும் ஐந்து தமிழ் வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றும் கோடா புள்ளியா என்று கேளுங்கள். பிரெஞ்சு வினையின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.