முழுதாகத் தெரியும் பார்வையில் மறைந்திருக்கும் குறை

வாசலில் இட்ட கோலம் பகலுக்குள் கால்பட்டு ஆங்காங்கே அழிந்துவிடுகிறது. எனினும் காண்போர் அறுந்த கோடுகளைத் தனித்தனியே காண்பதில்லை. முழுத் தாமரையையே காண்கின்றனர். பகுதிகளை இணைத்து முழு வடிவமாகக் காண்பது மூளையின் இயல்பு. 1912ஆம் ஆண்டு ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இக்கொள்கை 'கெஸ்டால்ட்' எனப்படுகிறது. அச்சொல்லுக்கு 'வடிவம்' என்பது பொருள்.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்புறம் 8 செ.மீ. தள்ளி ஒரு சிறு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் நோக்கியபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறையும். பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லாமையே காரணம். ஆயினும் அங்கே ஓட்டை தெரியாது, வெண்தாளே தெரியும். சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் இந்நிரப்புதலை விரிவாக ஆராய்ந்தவர்.

கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) இவ்வியல்பே நமக்குப் பகையாகிறது. இந்நோயில் பார்வை நரம்பு நலிந்து, பெரும்பாலும் ஓரப் பார்வை முதலில் குறைகிறது. பலருக்கு வலி இராது, கருந்திட்டும் தோன்றாது. ஒரு கண் இழந்ததை மறுகண் ஈடுசெய்யும். எஞ்சிய குறையை மூளை நிரப்பும். "எல்லாம் நன்றாகத்தானே தெரிகிறது, டாக்டர்? சொட்டு மருந்து எதற்கு?" என்று நோயாளிகள் வினவுவது இதனால்தான். அவ்வாறு எண்ணி மருந்தை நிறுத்திவிடுவோரும் உளர். இந்நோயால் இழந்த பார்வை மீளாது. மருந்து, எஞ்சியுள்ள பார்வையைக் காப்பதற்கே.

நோயாளி உணராததைக் குடும்பத்தினர் கவனிக்கக்கூடும். திருத்தணி மலைப்படிகளில் இறங்கும்போது கால் தடுமாறுதல், நிலைக்கதவில் அடிக்கடி இடித்துக்கொள்ளுதல், பக்கவாட்டில் வரும் வண்டியைக் காணாமை ஆகியவற்றை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். இவை தோன்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 40 வயதைக் கடந்தோரும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளோரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கூறினால் ஓரப் பார்வையை அளக்கும் பரிசோதனையும் தேவை. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கும் அக்கருவி, மூளை மறைத்த குறையை வெளிக்காட்டும். சொட்டு மருந்தை மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.