சொல் இழந்தார் அறிவிழந்தார் அல்லர்

மொழியைக் கற்றலும் கற்பித்தலும் கல்லூரியின் நாட்கடன். அங்ஙனம் வருந்திக் கற்ற மொழியை, முதிர்ந்த வயதில் ஒருவர் சில நிமிடங்களில் இழந்துவிடவுங் கூடும். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் பாரிசவாதம் உண்டாகின்றது. கை கால் சோர்வதைக் கண்டு இரங்கும் அயலார், சொல் சோர்வதைக் கண்டால் அறிவே மயங்கிற்று என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு எத்துணைத் தவறானது என்பதை இலக்கணம் பயின்றோர்க்கு விளக்குவதே நம் நோக்கம்.

எழுத்துக்கள் பிறத்தற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களைத் தொல்காப்பியம் கூறும். இவற்றுள் ஒன்று பழுதுற்றால் ஒலி கெடலாம், மொழி கெடாது. இலங்கையிற் பிறந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரனுக்கு 1967 இல் துப்பாக்கிக் குண்டு கழுத்திற் பாய்ந்தமையால் குரல் மாறிற்று. அது மிடற்றின் ஊறு. 1984 இல் பாரிசவாதம் வந்தபோது ஊறு நேர்ந்த இடம் மூளை. பேச்சின் தெளிவு குன்றிற்று. எனினும் 1985 இல் மீண்டும் பதவியேற்று, 1987 இல் இறக்கும்வரை முதலமைச்சராகவே இருந்தார்.

மொழிக்குரிய பகுதிகள் பெரும்பாலார்க்கு மூளையின் இடப்பக்கத்தில் உள்ளன. 1861 இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் புரோக்கா, ‘டான்’ என்னும் ஓரசையையன்றிப் பெரும்பாலும் வேறொன்றும் சொல்ல மாட்டாத ஒருவரை ஆராய்ந்தார். பிறர் கூறியவற்றை அந்நோயாளர் பெரிதும் உணர்ந்தார். இறந்தபின் நோக்கியபோது இடமூளையின் முற்பகுதி சிதைந்திருந்தது. இத்தகையோர், “நேற்றுப் படகில் மூதூருக்குப் போனேன்” என்று சொல்லக் கருதி, “நேற்று... படகு... மூதூர்” என்று இடர்ப்படுவர். பெயர் நிற்கும், வேற்றுமையுருபும் வினைவிகுதியும் விடுபடும், அல்லது ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரும்.

1874 இல் ஜெர்மானியரான வேர்னிக்கே மற்றொரு வகையை விளக்கினார். இவ்வகையினர் தடையின்றிப் பேசுவர். ஆயினும் சொல்லோடு சொல் பொருந்தாது, பிறர் பேச்சும் நன்கு விளங்காது. வேறு சிலர்க்குப் பெயர் மட்டும் வாராது. செம்பைக் காட்டினால், “தண்ணீர் குடிக்கிறது” என்பர். பெயர் மறைந்ததேயன்றிப் பயன் மறக்கவில்லை என்பதை ஈண்டு நோக்குக.

நம் துறைமுகத்தில் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் வழங்குவோர் இங்குப் பலர். இன்னோர்க்கு எம்மொழி முன்னர் மீளும்? முதலிற் கற்றதே என்றார் ரிபோ. மிகப் பழகியதே என்றார் பித்ர். பெரும்பாலார்க்கு மொழிகள் ஒருங்கே மீள்கின்றன எனப் பிற்கால ஆய்வு காட்டுகின்றது. ஆதலின் எம்மொழியில் ஒரு சொல் வந்தாலும் அதனை ஏற்றுக்கொள்க. வினாவுக்கு விடை சொல்ல இயலாத சிலர், சிறுவயதில் மனனஞ்செய்த கோணேசர் தேவாரத்தைத் தங்குதடையின்றிப் பாடுவதும் உண்டு. பழகிய பாட்டு வரும் வழி வேறு; புதுவாக்கியம் அமைக்கும் வழி வேறு. அஃது நடிப்பன்று.

மூளையின் வலப்பக்கம் ஊறுபட்டால் இலக்கணம் பெரும்பாலும் பிழையாது. நகைச்சுவையும் குறிப்புப் பொருளும் குரலின் ஏற்றத்தாழ்வும் விளங்காமற் போகலாம். வாகன விபத்தில் தலையடிபட்டவர்க்குக் கவனமும் நினைவும் திட்டமிடும் ஆற்றலும் குறையலாம். முதுமையில் வரும் மறதி நோயோ மெல்ல மெல்ல வளர்வது. இவற்றில் எண்ணமும் தளர்வது உண்மை. ஆயினும் எவர்க்கு எது தளர்ந்தது என்பதை ஆராய்ந்தே அறிதல் வேண்டும். முகம் பார்த்து முடிவு செய்தல் ஆகாது.

வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வருவித்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துள் கொடுக்கப்படுவது. எண்ணெய் பூசிக் காத்திருத்தல் அந்நேரத்தைப் பாழாக்கும். பின்னர்ப் பேச்சு மொழிச் சிகிச்சை தேவை. களனிப் பல்கலைக்கழகம் அத்துறையினரைப் பயிற்றுகின்றது. மாதங்கள் பல கடந்தபின்னும் முன்னேற்றம் உண்டாகலாம்.

இல்லத்தார் செய்யத்தக்கனவும் உள. வானொலியை நிறுத்துக. ஒருவரே, சிறு வாக்கியமாக, முகம் நோக்கிப் பேசுக. “தேநீரா, மோரா?” எனப் பொருளைக் காட்டி வினவுக. விடைக்குக் காத்திருக்க. அவர் தேடும் சொல்லைப் பறித்து முந்திக் கூறற்க. அவர் இருக்கையிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசற்க. உறுதி முடித்தல் போன்றவற்றில் அவர் கருத்தைக் கேளாது ஒழியற்க.

பழைய மாணவர்காள்! உங்களோடு ஒரே வாங்கில் இருந்து பயின்றவர் ஒருவர், பேச நாணி வீட்டிலேயே ஒதுங்கியிருக்கக்கூடும். அவரைச் சென்று காணுங்கள். அவர் ஒரு சொல்லைத் தேடும் அளவும் பொறுத்திருங்கள். அப்பொறுமையே அவர்க்கு நாம் செய்யும் மதிப்பு.