சிவப்புக் குஞ்சுகள்

தம்பானூரில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே இரண்டு பேர் வேலை செய்தார்கள். இருவரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். இளையவனைத் தம்பி என்பார்கள்.

அது ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஒரு விடுமுறை நாளில் இருவரும் பஸ் ஏறினார்கள். வெள்ளாயணி ஏரிக்குப் போனார்கள். அது நல்ல தண்ணீர் ஏரி. தம்பியின் கையில் தூண்டில் இருந்தது.

கரையோரம் செடிகள் அடர்ந்திருந்தன. நடுவில் வட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அதில் சிவப்பாக ஏதோ நெளிந்தது.

"அண்ணாச்சி, அது என்ன?"

"விரால் குஞ்சுகள். மலையாளத்தில் வரால் என்பார்கள்."

தம்பிக்கு மகிழ்ச்சி. "அப்படியானால் பெரிய மீன் கீழேதான் இருக்கும். தவளையை மாட்டிப் போடுகிறேன். உடனே கடிக்கும்!"

"கடிக்கும். பசிக்காகக் கடிக்காது. குஞ்சுகளைக் காக்கக் கடிக்கும்" என்றார் அண்ணாச்சி.

தம்பி தூண்டிலைக் கீழே வைத்தான். அண்ணாச்சி விளக்கினார்.

"விரால் செடிகளை ஒதுக்கி இடம் செய்யும். அங்கே முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் கூடவே திரியும். பெரிய மீனை நாம் பிடித்தால் காவல் போய்விடும். மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டால் ஒரு கூட்டமே அழியும்."

"அப்போது ராத்திரிக் குழம்புக்கு?"

"வேறு இடம் பார். விராலுக்குக் காற்று வேண்டும். அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்கும். அங்கே வட்ட அலை எழும். குஞ்சுகள் இல்லாவிட்டால் அங்கே தூண்டில் போடு. சினை மீன் சிக்கினால் தண்ணீரில் விட்டுவிடு."

இருவரும் நடந்தார்கள். வழியில் ஒரு வாய்க்கால். புது வெள்ளம் ஓடியது. அதை எதிர்த்து மீன்கள் ஏறின.

"இவை முட்டையிட வயலுக்குப் போகின்றன. கேரளத்தில் இதை ஊத்த என்பார்கள். இந்த மீன்களைப் பிடிப்பது குற்றம். வழியை அடைப்பதும் குற்றம். 2010ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கடலுக்கும் இப்படி ஓய்வு உண்டு. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை இருக்கிறது. இப்போது அது 52 நாள்."

அன்று தம்பிக்கு மீன் கிடைக்கவில்லை. அண்ணாச்சி சிரித்தார்.

"விதைநெல்லைச் சமைப்பார்களா, தம்பி?"

சிந்திப்போம்

1. குஞ்சுகளோடு இருக்கும் விராலை ஏன் பிடிக்கக் கூடாது?
2. உங்கள் ஊர்க் குளத்தில் முன்பு என்ன மீன்கள் இருந்தன? இப்போது என்ன இருக்கின்றன?
3. மீன் ஏறும் வழியைக் காக்க உங்கள் ஊரார் என்ன செய்யலாம்?