வான்படமும் பழுதறியும் திறனும்

மகாராட்டிர மாநிலத்தின் புனே நகரம் வானியல் ஆர்வலர்கள் நிறைந்தது. ஜோதிர்வித்யா பரிசம்ஸ்தா என்னும் ஆர்வலர் அமைப்பு 1944ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கி வருகிறது. அந்நகரைச் சேர்ந்த 16 வயது மாணவர் பிரதமேஷ் ஜாஜு, 2021ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பின்னிரவு ஒரு மணியளவில் நிலவைப் படம்பிடிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 50,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

ஒரே நிலவுக்கு இத்தனை படங்கள் எதற்கு? நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாமல் அலைகிறது. அதனால் ஒரு நொடியில் தெளிவாகத் தெரியும் நிலவின் பள்ளம் மறுநொடியில் மங்கிவிடும். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் குறைகள் தேய்ந்து தெளிவு கூடும். அவ்வாறு அடுக்கியபோது 100 ஜிகாபைட் அளவிலிருந்த தரவு 186 ஜிகாபைட்டாகப் பெருகியது. அதைச் சுமக்க இயலாமல் மடிக்கணினி திணறியது. 40 மணி நேர அளவிலான உழைப்புக்குப் பின்னரே நிலவின் நிறவேறுபாடுகளைக் காட்டும் படம் உருவானது.

வானைப் படம்பிடிப்போருக்குத் தடைகள் கணினியில் மட்டும் வருவதில்லை. பெரும்பாலானவை இருளில், கருவியின் அருகிலேயே நேர்கின்றன. அவற்றை அறிவதற்குப் படமே வழிகாட்டும்.

விண்மீன்கள் எல்லாம் ஒரே திசையில் கோடுகளாக நீண்டிருந்தால், கருவி வானத்தின் சுழற்சியைச் சரியாகப் பின்தொடரவில்லை என்பது பொருள். புவி சுழல்வதால் வானம் நான்கு நிமிடங்களுக்கு ஒரு பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. ஆகவே, தாங்கியின் அச்சு வானின் வடதுருவத்தை நோக்கியிருத்தல் வேண்டும். அத்துருவத்தின் அருகே துருவ விண்மீன் உள்ளது. அது புனேயில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 18.5 பாகை உயரத்திலும், சென்னையில் 13 பாகை உயரத்திலும் தென்படும்.

தொடக்கம் முதலே விண்மீன்கள் பருத்த வட்டங்களாகத் தெரிந்தால் குவியம் பிழைத்துள்ளது. ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை குவியத்தைத் திருத்த வேண்டும். இரவு குளிரக் குளிர உலோகக் குழல் சுருங்குவதால் இடையிடையே மீண்டும் சோதிப்பது நன்று.

முதலில் தெளிவாக இருந்து, பின்னர்ப் படிப்படியாக மங்கினால் வில்லையில் பனி படிந்திருக்கலாம். அதைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். இளஞ்சூடான காற்றால் உலர்த்துவதே முறை. வில்லையின் முன் நீண்ட மூடுகுழலைப் பொருத்தினால் பனி படிவது குறையும்.

ஒரு படம் மட்டும் அதிர்ந்து காணப்பட்டால் விரல் பட்டதோ காற்று வீசியதோ காரணமாகலாம். கையால் பொத்தானை அழுத்தாமல், இரண்டு நொடி தாமதத்துடன் படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தளிக்க வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். கருவிக்கும் அதுவே பொருந்தும். பதற்றத்தில் மூன்று திருத்தங்களை ஒருசேரச் செய்தால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. அடுத்த இரவில் அதே பழுது மீண்டும் வாட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, முடிவைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். விடியலுக்குள் முடிக்க வேண்டிய பணியில் இந்தப் பொறுமை காலவிரயம் போலத் தோன்றலாம். உண்மையில் காலத்தைக் காப்பது அதுவே.

சொற்பொருள்
பாகை – கோணத்தின் அளவு
குவியம் – ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளி
வில்லை – ஒளியை வளைக்கும் கண்ணாடி

வினாக்கள்
1. நிலவைப் பலமுறை படமெடுத்து அடுக்குவது ஏன்?
2. குவியப் பிழையையும் பனி படிதலையும் படத்தைக் கொண்டு எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.

செயல்பாடு
உம் வீட்டில் பழுதான ஒரு பொருளின் குறையைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.